மங்கையர்க்கரசி காய்ச்சிய பீர்

கால்ல இடிச்சிருச்சா? மன்னிச்சுக்கம்மா. இந்த டிராலி சக்கரம் நிக்கவே நிக்காது, பஸ் திரும்பினா இதுவும் திரும்பும். இரு, இப்படி என் முட்டிக்கு நடுவுல புடிச்சுக்குறேன். நீ நல்லா ஒக்காரு.

கேஸ் சிலிண்டர் இல்லம்மா, பயப்படாத. ஏறும்போது டிரைவரும் இப்படித்தான் பாத்தாரு. உள்ள இருக்கிறது பீர். ஆமா, பீர்தான், சரியாத்தான் காதுல விழுந்திருக்கு. இதுக்குப் பேரு கெக். ஸ்டீல் பீப்பா. மேல ரெண்டு மூக்கு இருக்கு பாரு, ஒண்ணுல காத்த அடைச்சா இன்னொண்ணு வழியா பீர் வெளிய வரும். கடையில வாங்கினது இல்ல. நான் காய்ச்சினது.

நான்தான். ஏன் அப்படி முழிக்கிற? என் வீட்டுக்காரரு இல்ல, என் மகன் இல்ல, நான். ஊருலேருந்து புதுசா வந்திருக்கியா? அதான். அங்க காய்ச்சுறதுன்னு சொன்னாலே போலீசுதான் ஞாபகத்துக்கு வரும். சிங்கப்பூர்ல வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிக்கலாம், விக்கத்தான் கூடாது. நான் விக்கல. வித்துப் பிழைக்கணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல.

என் பேரு மங்கையர்க்கரசி. முழுசாச் சொல்லு பாப்போம். ம், ஒரே தடவையில சொல்லிட்ட. துறைமுகத்துப் பக்கம் சரக்கு ஆபீஸ்ல வேலை பாக்குறேன், இத்தன வருஷத்துல அங்க ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. எல்லாருக்கும் நான் மிசஸ் குணா. பேரு கட்டத்துக்குள்ள அடங்கலன்னு ஒருத்தி "மங்கை"யோட நிறுத்தி அட்டை அடிச்சுக் குடுத்தா. சரி, அது வேற கதை. நீ பீரப் பத்திக் கேட்ட.

கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். என் ஸ்டாப்பு கடைசியிலதான் வரும்.

என் வீட்டுக்காரரு பேரு குணாளன். கப்பல் பட்டறையில வெல்டிங் சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனாரு. கடைசி நாளன்னிக்கு, கூட வேலை பாத்த பையனுங்க பெரிய பெட்டி ஒண்ணு குடுத்து அனுப்பினாங்க. பிரிச்சுப் பாத்தா வெள்ளை பிளாஸ்டிக் வாளி, அடியில ஒரு குழாய், மூடியில வளைஞ்ச குழல் ஒண்ணு. அத ஏர்லாக்குன்னு சொல்லுவாங்க. உள்ள உண்டாகிற காத்து வெளிய போகும், வெளிக்காத்து உள்ள வராது. அப்புறம் டின்னு நெறைய பாகு மாதிரி பார்லி மால்ட்டு, ஒரு பொட்டலம் ஈஸ்ட்டு. வீட்டுலயே பீர் செய்யுற சாமான். அவரு பாத்துச் சிரிச்சாரு. அலமாரி மேல தூக்கி வச்சாரு. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் சோபாவுல ஒக்காந்தாரு. நான் வேலைக்குக் கெளம்பும்போது எங்க இருந்தாரோ, சாயங்காலம் வந்து பாக்கும்போதும் அங்கேயே. டிவியில யாராவது சமைப்பாங்க. இவரு பாப்பாரு. சமையலறைப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாரு, டிவியில பாப்பாரு.

ஒரு நாள் வீட்ட ஒழிச்சேன். பெட்டியக் காட்டி, "இதத் தூக்கிப் போட்டுரவா?"ன்னு கேட்டேன். "போடு"ன்னாரு. திரும்பிக்கூடப் பாக்கல. டின்னப் பாத்தேன், கெட்டுப்போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சு. நல்ல சாமான வீணாக்குறது எனக்கு ஆகவே ஆகாதும்மா. அன்னிக்கே பிரியாணிச் சட்டியத் தேய்ச்சு அடுப்புல ஏத்திட்டேன்.

யாரும் சொல்லித் தரல. பெட்டிக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு, மத்ததெல்லாம் நூலகத்துல படிச்சதுதான். மொதத் தடவ காய்ச்சினத வாயில வைக்க முடியல. நெயில் பாலிஷ் வாடை. ஏன்னா இந்த ஊரு வெக்கை. ஈஸ்ட்டுக்குக் குளிர்ச்சி வேணும், சூட்டுல விட்டா தறிகெட்டு வேலை பாக்கும். வாளிய அப்படியே கழிவறையில கவுத்தேன். இவரு சோபாவுலேருந்து, "நான்தான் அப்பவே சொன்னேனே"ங்குறாரு. என்ன சொன்னாரு? "போடு"ன்னாரு. அத விட்டா ஒரு வார்த்தை சொல்லல!

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் ரெண்டாவது தடவ காய்ச்சினேன்.

பழைய ஃபிரிட்ஜ் ஒண்ணு வாங்கி, வாளிய அதுக்குள்ள வச்சு, ரொம்பக் குளிராம பாத்துக்கிட்டேன். இந்தத் தடவ வந்துச்சும்மா. மொத வாய் கசக்கும். முழுங்கினப்புறம் வறுத்த ரொட்டி வாசம் மெதுவா மேல வரும். தனியா அடுப்பங்கரையில நின்னுக்கிட்டே ஒரு டம்ளர் குடிச்சேன். இது நான் பண்ணதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சிரிக்காத. உனக்கு வேணா கொழம்பு வச்சா அப்படித் தோணலாம், எனக்குக் கொழம்பு வச்சு ஒரு நாளும் தோணினதில்ல. கொழம்ப எல்லாரும் கேட்டு வைக்கிறோம். இத யாரும் கேக்கல.

ஏர்லாக்குல ஒரு சத்தம் வரும். டுபுக், டுபுக்னு. மகன் வேலைக்குன்னு ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போனப்புறம் எங்க வீட்டுல சத்தமே கெடையாது. வேலைவிட்டு வந்ததும் ஃபிரிட்ஜத் தொறந்து அதத்தான் மொதல்ல கேப்பேன்.

பாட்டில்ல அடைக்கிறது பெரிய ரோதனை. ஒவ்வொண்ணாக் கழுவணும், மூடி அடிக்கணும். அதனால கெக் வாங்கினேன். ஃபிரிட்ஜுக்குள்ள கெக்க வச்சு, வெளியில குழாய் போட்டுட்டா கைப்பிடிய இழுத்தாப் போதும், வந்துரும். அதுக்கு ஃபிரிட்ஜுல ஓட்டை போடணும். இங்கதான் அவரு உள்ள வந்தாரு. பட்டறை ஆளாச்சே, டிரில்ல எடுத்துக்கிட்டு வந்துட்டாரு. "கதவுல போடுங்க"ன்னேன். "பக்கவாட்டுல போட்டாத்தான் பாக்க அழகா இருக்கும்"னாரு. போட்டாரு. புஸ்ஸுன்னு ஒரு சத்தம். குளிரூட்டுற கேஸ் ஓடுற குழாயில ஏத்திட்டாரு. ஃபிரிட்ஜ் செத்துருச்சு. இன்னொண்ணு வாங்கி, நான் பக்கத்துல நின்னு, கதவுல ரெண்டு ஓட்டை. ஆக மொத்தம் மூணு ஓட்டை, அதுல ஒண்ணு தப்பான எடத்துல. அவரோட பங்கு அவ்வளவுதான். நல்லா ஞாபகம் வச்சுக்க.

அந்தத் தீபாவளிக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாங்க. அவரோட அக்கா வீட்டுக்காரரு, தட்சிணா அத்தான்னு கூப்பிடுவோம், கைப்பிடிய இழுத்து ஒரு கிளாஸ் புடிச்சுக் குடிச்சாரு. கண்ண மூடினாரு. "டேய் குணா! பெரிய ஆளுடா நீ! உனக்குள்ள இப்படி ஒரு தெறமையா?"ன்னு முதுகுல ஒரு தட்டு.

நான் முறுக்குத் தட்டோட நிக்கிறேன். இவரு என்ன பண்ணணும்? "அத்தான், இது மங்கை காய்ச்சினது"ன்னு சொல்லணும். நாலு வார்த்தை. சொல்லல. சிரிச்சாரு.

பொய் சொன்னாருன்னு நான் சொல்ல மாட்டேன். வாயத் தொறந்து அவரு ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு, அவ்வளவுதான். ஆனா அந்தச் சிரிப்பு இருக்கே! ராத்திரி கேட்டேன். "அக்காவுக்குத் தெரிஞ்சா உன்னையத்தான் தப்பாப் பேசும், உனக்காகத்தான் சும்மா இருந்தேன்"னாரு. எனக்காகவாம். எனக்காக என் பேரையே மறைச்சிருக்காரு, நான் நன்றி சொல்லணுமாம்.

அப்புறம்தான் இந்த கிளப்பு. வீட்டுல பீர் காய்ச்சுறவங்க ஒரு பட்டறைக் கட்டடத்துல வியாழக்கிழமை கூடுவாங்க. அவங்கவங்க காய்ச்சினதக் கொண்டுவந்து, குடிச்சுப் பாத்து, நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்லுவாங்க. நான்தான் கண்டுபுடிச்சு, நான்தான் கூட்டிட்டுப் போனேன். கெக்க அவரு தூக்கிட்டு வந்தாரு. தப்பு அங்கதான் ஆச்சு. தூக்கிட்டு வந்தவரப் பாத்துட்டாங்க.

ரேமண்ட்னு ஒருத்தரு அங்க தலைவரு. வந்து இவரு கையப் புடிச்சுக் குலுக்கி, "எந்த ஹாப்ஸ் போட்டீங்க?"ன்னு கேட்டாரு. ஹாப்ஸுங்கிறது கசப்புக்கும் வாசத்துக்கும் போடுற பூவு. இவருக்கு ஹாப்ஸும் தெரியாது, சோப்ஸும் தெரியாது. மொத நாள் ஒழுங்கா, "என் மனைவியக் கேளுங்க"ன்னாரு. ரேமண்ட் என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, மறுபடி இவருகிட்டயே பேசினாரு. மனைவிக்கு மரியாதை குடுக்குற மனுஷன்னு நெனச்சுக்கிட்டாரு போல. அடுத்த தடவ பாத்தா, இவரே பதில் சொல்றாரு! வீட்டுல நான் பேசுறதக் கேட்டு வச்சிருக்காரு. நான் சொன்ன வார்த்தைய என் முன்னாலயே எடுத்து வச்சுப் பேசுறாரு. "இந்தத் தடவ கொஞ்சம் கசப்பு தூக்கலா இருக்கட்டும்னு நெனச்சோம்." நெனச்சோமாம்! யாரு நெனச்சது?

வியாழக்கிழமை ஆனாப் போதும், மத்தியானத்துலயே குளிச்சு, சட்டைய அயர்ன் பண்ணி, தலையப் படிய வாரி, கதவுகிட்ட நிப்பாரு. நான் ஆபீஸ்லேருந்து வந்ததும் "கெளம்பலாமா?"ம்பாரு. சோபாவுல கெடந்த மனுஷன். அதுக்கு நான் என்ன பண்றது? சட்டைய அயர்ன் பண்ணிட்டா பீர் காய்ச்சினதா ஆயிருமா?

வருஷக் கடைசியில கிளப்புல பெரிய விருந்து வச்சாங்க. ரேமண்ட் போன் பண்ணி, "குணாவோட பீர்தான் அன்னிக்கு விசேஷம்"னுட்டாரு. இவரு வாயெல்லாம் பல்லு. என்கிட்ட வந்து, "மங்கை, என்ன காய்ச்சலாம்?"ங்குறாரு.

"குணாவோட பீர்னுதான கேட்டாங்க? குணாவே காய்ச்சட்டும்"னேன்.

"வெளையாடாத."

"வெளையாடல. நெனச்சோம், போட்டோம்னு பேசுறீங்கள்ல. நெனைங்க, போடுங்க."

முடியாதுன்னு சொல்லிக் கெஞ்சுவாருன்னு பாத்தேன். கெஞ்சல. ரோஷம். ஒரு சனிக்கிழமை சட்டிய ஏத்தினாரு. நான் ஹால்ல சோபாவுல ஒக்காந்தேன், டிவியப் போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. பொறுப்பாக் காய்ச்சினாரு, ஆற வச்சாரு, ஈஸ்ட்டப் போட்டாரு. வாளியவும் நல்லாக் கழுவினாரு. ஆனா வாளிக்கு அடியில குழாய் இருக்குல்ல, அதக் கழட்டிக் கழுவணும். கழட்டினாத்தான் உள்ள ஒட்டியிருக்குற போன தடவத்துக் கசடு போகும். இல்லன்னா அதுலேருந்து கிருமி பரவி எல்லாம் புளிச்சுரும். அவரு மேலாக்கத் தண்ணிய ஓட்டிட்டு விட்டுட்டாரு. தண்ணி குடிக்க உள்ள போனப்ப பாத்தேன்.

சொல்லல. ஏன் சொல்லணும்? அவரு பீரு, அவரு குழாய். தீபாவளியன்னிக்கு நாலு வார்த்தை இருந்துச்சு, அவரு சொன்னாரா?

அப்படிப் பாக்காதம்மா. நீ அந்த எடத்துல இருந்திருக்கணும்.

விருந்தன்னிக்கு நல்ல கூட்டம். கெக்க வச்சு, குழாய மாட்டி, ரேமண்ட் மைக்குல இவரப் பத்தி ரெண்டு வார்த்தை பேசி, எல்லாருக்கும் கிளாஸ் போச்சு. நான் சொவத்தோரமா நின்னுக்கிட்டேன், எல்லார் மூஞ்சியும் தெரியுற மாதிரி. குடிச்சாங்க. ஒருத்தரு புருவம் மேல போச்சு. ஒரு பொண்ணு முழுங்க முடியாம கன்னத்துலயே வச்சிருந்தா. யாரும் ஒண்ணும் சொல்லல, நாகரிகம். ரேமண்ட்தான் தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "குணா, இது புளிப்பு பீரா? வேணும்னே புளிக்க வச்சீங்களா?"ன்னு கேட்டாரு.

அப்படி ஒரு வகை நெசமாவே இருக்கும்மா. புளிக்க வச்சே பண்ணுவாங்க, அதுக்கு ரசிகருங்க இருக்காங்க. மனுஷன் அருமையா ஒரு வழி காட்டிட்டாரு. "ஆமா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இவரு சொல்லிருவாருன்னுதான் நெனச்சேன். சொல்லிட்டுச் சிரிப்பாரு, அந்தச் சிரிப்ப நான் ஆயுசுக்கும் பாத்துக்கிட்டிருக்கணும்னு நெனச்சேன்.

இவரு கையில இருந்த கிளாஸ வச்சாரு. "இல்ல. கெட்டுப்போச்சு"ன்னாரு. "இது மட்டும்தான் நான் காய்ச்சினது. இதுவரைக்கும் நீங்க இங்க குடிச்சதெல்லாம் என் மனைவி காய்ச்சினது. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க என்கிட்டப் பேசினது எனக்குப் புடிச்சிருந்துச்சு, அதனால சொல்லாம இருந்துட்டேன்."

இவ்வளவு நாள் நான் காத்திருந்த வார்த்தை. இப்ப எல்லாரும் என் பக்கம் திரும்புவாங்கன்னு சேலைய இழுத்து விட்டுக்கிட்டேன்.

கை தட்டினாங்க. யாருக்குங்குற? அவருக்கு!

எழுந்து நின்னு தட்டினாங்கம்மா. "என்ன தைரியம், என்ன பெருந்தன்மை"ன்னு. ரேமண்ட் அவரக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. அந்தக் கன்னத்துல வச்சிருந்த பொண்ணு முழுங்கிட்டு கண்ணத் தொடைக்கிறா. நான் சட்டி சட்டியாக் காய்ச்சி, வாளி வாளியாக் கழுவி, கை தோலு உரிஞ்சு கெடக்குறேன், அதுக்கு ஒரு தட்டு கெடையாது. இவரு உண்மையச் சொன்னதுக்கு ஒரு ஹால் முழுக்கத் தட்டுது. என் உண்மைய!

நேரா மைக்குகிட்டப் போனேன். எப்படிப் போனேன்னு தெரியல. "தட்டினது போதும். ஒக்காருங்க"ன்னேன். ஒக்காந்தாங்க. "என் பேரு மங்கையர்க்கரசி. மிசஸ் குணா இல்ல. ஹாப்ஸப் பத்திக் கேக்கணும்னா என்கிட்டக் கேளுங்க. இப்பவே கேளுங்க." ஒருத்தரும் கேக்கல. அந்த நேரத்துல யாருக்கு ஹாப்ஸு ஞாபகத்துக்கு வரும்? நான் நின்னேன். கேக்குற வரைக்கும் நிக்குறதுன்னு நின்னேன். கடைசியில பின்னாலேருந்து ஒரு கையி மேல வந்துச்சு. "எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பீங்க?" பாத்தா, கேட்டது என் வீட்டுக்காரரு.

எனக்கு வந்துச்சே கோவம்! ஆனா பதில் சொன்னேன். கேள்வி கேள்விதான. அப்புறம் ஒவ்வொருத்தராக் கேக்க ஆரம்பிச்சாங்க. நல்ல கேள்வியெல்லாம் கேட்டாங்க.

டாக்சி வீட்டுக்கிட்ட வரும்போது, "அந்தக் குழாயக் கழட்டலன்னு நீ பாத்தேல்ல"ன்னாரு. கோவமா இல்ல, சும்மா கேக்குற மாதிரி.

"பாத்தேன்."

"ம்"னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதப் பத்திப் பேச்சே எடுக்கல. அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்னு கேட்டா எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிஞ்சுக்கவும் வேணாம். நான் சரியாத்தான் பண்ணேன். இன்னிக்கும் அப்படித்தான் பண்ணுவேன்.

ஆனா அதுக்கப்புறம் வியாழக்கிழமை வந்தா அவரு வரல. "நீ போயிட்டு வா"ன்னாரு. மறுபடியும் சோபா, மறுபடியும் டிவி. நான் டாக்சி வச்சு, கெக்க உருட்டிக்கிட்டுத் தனியாப் போனேன். அங்க எல்லாரும் "குணா எங்க? குணா எங்க?"ங்குறாங்க. காய்ச்சினவ முன்னால நிக்கிறேன், தூக்கினவரக் கேக்குறாங்க. எரிச்சலா வந்துச்சு.

இப்ப எங்க போறேன்னு கேட்டியே. கிளப்புல புதுசாச் சேந்தவங்களுக்கு இன்னிக்கு நான் காய்ச்சிக் காட்டப் போறேன். அறிவிப்புல "குணா தம்பதி"ன்னு போட்டிருந்தாங்க. முடியாதுன்னேன். "மிசஸ் அரசி"ன்னு மாத்தினாங்க. முடியாதுன்னேன். எடம் பத்தலன்னாங்க. எழுத்தச் சின்னதாக்குங்கன்னேன். இப்ப ஒரு எழுத்து விடாம இருக்கு, வேணா போன்ல காட்டுறேன். பாரு. ரெண்டு வரிக்குப் போயிருக்கு, போகட்டும்.

இவர நேத்து ராத்திரி, "நாளைக்கு வாங்க"ன்னேன். குழாய், டியூபு, கிளாஸுன்னு ஒரு பெட்டி சாமான் இருக்கு, தூக்க ஆள் வேணும். அதுக்குத்தான், வேற ஒண்ணுமில்ல. "வந்தா வாயத் தொறக்கக் கூடாது"ன்னும் சொன்னேன். சரின்னாரு. சட்டைய நானே அயர்ன் பண்ணி வச்சேன். கசங்கின சட்டையோட வந்து நின்னா யாருக்கு அவமானம்? எனக்குத்தான?

எங்கயா? அதோ, பின்னால ஜன்னலோரம், நீலச் சட்டை, மடியில பெட்டி. இங்க எடமில்ல, அதான் அங்க ஒக்காந்திருக்காரு. பாக்காத, பாத்தாச் சிரிப்பாரு. பாத்தியா, சிரிச்சுட்டாரு.

ஸ்டாப்பு வந்துருச்சு. மணிய அமுக்கும்மா. என்னங்க, எறங்கணும்! மெதுவா, கிளாஸ் இருக்கு. டிராலிய நான் பாத்துக்குறேன், நீங்க பெட்டியப் பாருங்க. நகந்துக்கம்மா, நன்றி, நல்லா இரு.

என்ன? அந்தச் சீனப் பெரியவரு என்ன கேக்குறாரு? கெக்கப் பாத்துட்டாரா? பாத்தியா, அவருகிட்டத்தான் கேக்குறாரு! டிராலி என் கையில இருக்கு, கேள்வி அங்க போகுது. "நீங்க பீர் காய்ச்சுவீங்களா"ன்னு. இரு, இவரு என்ன சொல்றாருன்னு பாப்போம். பேசாம இரும்மா.

கேட்டியா? "அவங்களக் கேளுங்க"ன்னாரு. மோவாய என் பக்கம் காட்டிட்டு, வாய மூடிக்கிட்டு நிக்கிறாரு.

டிரைவர், கதவ மூடிராதீங்க. கொஞ்சம் இருங்க. இந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லிட்டுத்தான் எறங்குவேன்.